பலகை மாதா

சிப்பிமுனைக்குத்தான போறிய? டிக்கெட்டப் பாத்துச் சொல்லல அண்ணாச்சி, மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். இந்த பஸ்ஸுல ஒரு ஆம்பள தனியா, சவரம் பண்ணாம, சட்டைப் பித்தானை மாத்தி மாட்டிக்கிட்டு ஏறுனா அவரு சிப்பிமுனைக்குத்தான். வீட்டம்மா கோவிச்சுக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போயிட்டாவ, சரிதான? சொல்லாண்டாம், சொல்லாண்டாம். நான் ஒன்னும் கேக்கல. கொஞ்சம் தள்ளுங்க, நானும் உக்காந்துக்கிடுதேன்.

பலகை மாதாட்ட வேண்டிக்கிடப் போறிய. நல்லது. கேட்டது கிடைக்கும். போன மாசம் ஒரு டிரில் வாத்தியாரு வந்து அழுதாரு. அவரு ஊரு போய்ச் சேருறதுக்குள்ள சம்சாரம் வீட்டுல வந்து தோசைக்கு அரைச்சுக்கிட்டு இருந்தாவளாம். அதெல்லாம் நடக்கு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு விசயம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. சுவத்துல இருக்க அந்த மாதா படத்த வரைஞ்சது நான். கஸ்பார் மிராண்டா. அப்புறம், அது மாதா இல்ல. எம் பொண்டாட்டி.

கண்டக்டர் சிரிக்கான் பாருங்க. அவனுக்கு இந்தக் கதை மனப்பாடம். நீங்க இங்கன திரும்புங்க.

நான் அலைக் கலைஞன் அண்ணாச்சி. முந்தி வள்ளத்துக்குப் பேரு எழுதிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் வெளியூர்ப் பையங்க பலகையத் தூக்கிக்கிட்டு எங்க முனைக்கு வர ஆரம்பிச்சானுவ. எங்க கடலப் பாத்திருக்கியளா? மணலு கொஞ்சம், பாறை நெறைய. ஆனி ஆடியில அலை வந்து பாறையில அடிச்சா அடுப்பு மேல உலைமூடி ஆடும். அந்த அலையில அவனுவ பலகையப் போட்டு, அது மேல எந்திரிச்சு நின்னுக்கிட்டே கரைக்கு வந்தானுவ. பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே கஸ்பார் பேரு எழுதுறவன் இல்ல, அலைய வரையுறவன். வாசல்ல போர்டே எழுதி மாட்டிட்டேன்.

என்ன? நான் பலகையில ஏறுவேனான்னா கேக்கிய? எல்லாரும் இதையே கேக்காவ. எனக்குக் கடலு ஒத்துக்கிடாது. முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா தலை சுத்தும், வாந்தி வரும். அதுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்? மாட்ட வரையுறவன் புல்லு திங்கணுமா?

ஏறுறது ரெஜினாள். எம் பொண்டாட்டி. மீன் காயப்போட மணலுக்குப் போறவ, அந்தப் பையங்களப் பாத்துப் பாத்தே பழகிட்டா. ஒடைஞ்சு போச்சுன்னு அவனுவ போட்டுட்டுப் போன பலகைய ஒட்டி எடுத்துக்கிட்டா. கொஞ்ச நாள்ல அவனுவளுக்கே இவ சொல்லிக் குடுத்தா. ஊரெல்லாம் ரெஜினாளு, ரெஜினாளுன்னு ஒரே பேச்சு. நான் கேக்கேன், அவ என்ன பண்ணுதா? நிக்கா. நிக்கது யாரு வேணும்னாலும் நிப்பாவ. அலை வந்துரும், போயிரும், அவ நின்னது எவனுக்கு ஞாபகம் இருக்கும்? அத ஒருத்தன் வரைஞ்சு வச்சாத்தான அது நிக்கும்? யோசிச்சுப் பாருங்க.

நான் அலைய எப்படி வரைவேன்னு சொல்லுதேன். கடலுக்குள்ள போக முடியாதுல்லா? அதனால மொட்டமாடியில கயித்துக் கட்டில் மேல ஒரு பலகையப் போட்டு, அதுல ஏறி நின்னு கண்ண மூடிக்கிடுவேன். முன்னால மேசை ஃபேன் ஓடும். ரெஜினாள் வாளியில கடத்தண்ணி கொண்டாந்து மூஞ்சியில வீசணும். அப்பத்தான் எனக்குள்ள அலை வரும். காலையில அவ கடல்ல இருந்து வந்ததும் வீசுவா, சாயந்திரம் சோறாக்கிட்டு வீசுவா. போகப் போக அவ வீசுற வேகம் கூடிக்கிட்டே வந்துச்சு. கடைசியில வாளியும் சேந்து வந்துச்சு. அவளுக்கும் கலையில ஈடுபாடு வந்துட்டுன்னு நான் சந்தோசப்பட்டேன்.

அப்பத்தான் வடக்க எங்கனயோ ஒரு பலகைப் போட்டி. ரெஜினாளக் கூப்பிட்டு விட்டாவ. மூணு மாசமா அவ அந்த நெனப்பாவே இருந்தா. சரி, நம்ம பங்குக்கு ஏதாவது செய்யணும்லா? அவ தூங்கும்போது அவ பலகைய எடுத்து, அது மேல ஒரு அலைய வரைஞ்சேன். வள்ளத்துக்கு அடிக்கிற பெயிண்டு, கெட்டியா, பட்டி மாவு பூசி இழைச்சு. பாத்தா வெறும் படமா இருக்கு. கடலு இல்ல. கடல் படத்துல கடலு இருக்கணும்லா? கடக்கரை மணலையும் சிப்பி நொறுக்கலையும் அள்ளி ஈரப் பெயிண்டு மேல தூவிட்டேன். துணியச் சுத்தி, மாலை போட்டு, ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாமலே குடுத்து விட்டேன்.

போன ஊர்ல போய்த்தான் அவ துணியப் பிரிச்சிருக்கா. வேற பலகை ஏது? அதுலயே படுத்து, அதுலயே எந்திரிச்சு நின்னிருக்கா. திரும்பி வந்தப்ப முழங்காலும் முழங்கையும் தேங்கா துருவுன மாதிரி இருந்துச்சு. பலகையும் பாரம் தாங்காம அமுந்து போச்சாம். நான்தான் கேட்டேன், "படத்தப் பத்தி அங்க என்ன சொன்னாவ?"ன்னு.

அன்னைக்கே மணல்குடிக்குப் போயிட்டா, அவ அம்மை வீட்டுக்கு. ஒரு கேள்வி கேட்டதுக்கா இவ்வளவு கோவம்?

சரி, சமாதானம் சொல்லணும்லா? எனக்கு வாயால சொல்ல வராது அண்ணாச்சி. கையாலதான் வரும். முனையில ஒரு பழைய ஐஸ் கம்பெனி கெடக்கு, பாழடைஞ்சு. அதோட கடலோரச் சுவரு சும்மா பனை உசரம். அதுல ரெஜினாள வரைஞ்சேன். சாரல்ல சாரம் கட்டி, ஏணியில நின்னு, தலை சுத்தச் சுத்த வரைஞ்சேன். அவ பலகையில நிக்கா. விழுந்துராம இருக்க ரெண்டு கையையும் இப்படி விரிச்சிருக்கா. நீலச் சட்டை, அவ கடலுக்குப் போட்டுக்கிட்டுப் போறது. பலகைய பக்கவாட்டுல காட்டுனேன், ரெண்டு முனையும் மேல வளைஞ்சு இருக்கும். கணுக்கால்ல இருந்து பலகைக்கு ஒரு கயிறு கட்டுவா, விழுந்தா பலகை ஓடிராம இருக்க. அந்தக் கயிறு சுருண்டு காலடியில கெடக்கு. பின்னால அலை எந்திரிச்சு தலைக்கு மேல கூடு மாதிரி கவுந்து வருது. தலையச் சுத்தி நீர்த்துளி தெறிக்கி. இதுதான் படம். கீழ பெருசா என் பேரு, கஸ்பார்.

மறுநாள் விடியக்காலம் சவேரியாளக்கா, மீன் விக்கவ, கூடையோட அந்தப் பக்கமா வந்திருக்கா. நிமிந்து பாத்தவ கூடையப் போட்டுட்டு முட்டிக்கால் போட்டுட்டா. அவளுக்குத் தெரிஞ்சது என்ன? கோயில் மாதாவுக்கு இருக்க அத்தனையும். நீல உடுப்பு. விரிச்ச கை. காலுக்குக் கீழ பிறை நிலா. காலடியில பாம்பு. பின்னால கெபி, மாதா நிக்கிற குகை. தலையச் சுத்தி நட்சத்திரம். எண்ணியே பாத்துட்டா, பன்னிரண்டு! நான் துளிய எண்ணியா அண்ணாச்சி வச்சேன்? தூரிகைய உதறுனேன், அது விழுந்துச்சு.

நான் ஓடிப் போயிச் சொன்னேன். "அக்கா, இது நிலா இல்ல, பலகை. இது பாம்பு இல்ல, கயிறு. இது நம்ம ரெஜினாளு."

சவேரியாளக்கா என்னையப் பாத்தா, படத்தப் பாத்தா. "ஏலே கஸ்பாரு, ரெஜினாளு மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஒரு பொட்டாவது அவள மாதிரி இருக்கா இது? ஒனக்கு வரையத் தெரியாதுன்னு மாதாவே ஒங் கையப் பிடிச்சு வரைஞ்சிருக்கு. பேசாம முட்டி போடுலே" அப்படின்னா.

மூஞ்சி என்னோட பாணி. அது அவளுக்கு எங்கன புரியப் போவுது?

அன்னைக்கு அவ வேண்டிக்கிட்டது, கோவிச்சுக்கிட்டுப் போன மருமவ திரும்பி வரணும்னு. சாயந்திர பஸ்ஸுல மருமவ வந்து எறங்கிட்டா. மறந்து வச்சுட்டுப் போன போன் சார்ஜர எடுக்கத்தான் வந்தான்னும் ஒரு பேச்சு இருக்கு. எதுக்கு வந்தா என்ன, வந்தாள்லா? அது போதும். அடுத்த வாரமே சுவரு முன்னால புருசமாரு வரிசையா நிக்கானுவ. ஒரு பந்தல் போட்டாவ. ஒரு சின்ன உண்டியலும் வந்துட்டு. யாரும் பலகையப் பலகைன்னு ஒத்துக்கிடல, ஆனா பேரு மட்டும் பலகை மாதான்னு நின்னு போச்சு.

என் கையெழுத்தாவது இருக்கேன்னு பாத்தேன். அதுக்கும் வினை வந்துச்சு. நம்ம மூணு ராசாக்கள் இருக்காவல்லா, தொழுவத்துல பொறந்த பாலனப் பாக்க வந்தவிய, கஸ்பார், மெல்கியோர், பல்தசார்? எவனோ ஒரு பக்திமான் வந்து பாத்திருக்கான். கஸ்பார்னு இருக்கு, மத்த ரெண்டு பேரையும் எழுத மறந்துட்டாவன்னு நெனச்சு, எனக்குக் கீழ மெல்கியோர், பல்தசார்னு எழுதிட்டுப் போயிட்டான். என் எழுத்தவிட அவன் எழுத்து நல்லா வேற இருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்த என்னன்னு சொல்ல!

ரெஜினாளும் ஒருநாள் வந்தா. மணல்குடிக்குச் சேதி போயிருக்கும்லா? கூட்டத்துல நின்னு ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தா. நான் பக்கத்துல போய் நின்னேன். "யாரு இது?"ன்னு கேட்டா. நீதான்னேன். "எனக்கா இந்த மூக்கு?"ன்னா. அதுக்குள்ள சவேரியாளக்கா, "ஏட்டி ரெஜினாளு, தலையில முக்காட்டப் போடு, மாதா முன்னால எப்படி நிக்கணும்னு தெரியாதா?"ன்னு அதட்டுனா. இவ முக்காட்டப் போட்டுக்கிட்டுப் போயிட்டா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அழுத மாதிரியும் இருந்துச்சு. நான் அவ மூஞ்சிய அவ்வளவு கவனிக்கல, சுவத்துல ஒரு இடத்துல பெயிண்டு உரிஞ்சிருந்துச்சு.

இந்தா, மணல்குடி வருது. ஒரு நிமிசம் அண்ணாச்சி, ஒங்க மேல சாஞ்சுக்கிடுதேன், ஜன்னல் வழியா பாக்கணும். அந்த உடைமரத்துக்குப் பின்னால கடல் தெரியுதா? அந்தா, மஞ்சப் பலகை. அதுதான் அவ. கூட ஏழெட்டுப் பொம்பளைய நிக்காவல்லா? எல்லாம் கோவிச்சுக்கிட்டுத் தாய் வீட்டுக்கு வந்தவளுவ. சுத்துப்பட்டு ஊர்ல எவ கோவிச்சுக்கிட்டு வந்தாலும் இவட்டதான் வந்து சேருதா. இவ அவளுவளக் கடல்ல எறக்கி, பலகையில எந்திரிச்சு நிக்கச் சொல்லிக் குடுக்கா. ஒரு வாரம், பத்து நாளு விழுந்து விழுந்து நிக்காளுவ. நல்லா நின்னு பழகுனதும் துணிமணியக் கட்டிக்கிட்டு, நிமிந்து நடந்து அவவ வீட்டுக்குப் போயிருதாளுவ. அங்க போய் புருசன ஒரு வழி பண்ணுதாளுவளாம். அங்கன சிப்பிமுனையில மாதா கூட்டி வைக்கிது, இங்கன இவ என்னமோ தான்தான் அனுப்பி வைக்கிற மாதிரி நிக்கா. அவளுக்கு எப்பவுமே இந்த நெனப்புதான்.

போயிட்டு. தெரியல இனிமே. நீங்க நேரா உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆங், ரெஜினாளு முக்காட்டப் போட்டுக்கிட்டுப் போனா. அதுக்கப்புறம்தான் விசாரணை வந்துச்சு. கூட்டம் கூடக் கூட எங்க கோயில் பங்குச்சாமிக்குப் பயம் வந்துட்டு. மேற்றிராணியார், அதான் பிஷப்பு, அவரு வீட்டுக்கு எழுதிப் போட்டாரு. அங்கேருந்து ஒரு பெரிய சாமியாரு விசாரிக்க வாறாருன்னு சொன்னாவ. மாதான்னு வரைஞ்ச படம்னா சுவரு இருக்கட்டும், கெபி கட்டலாம். உசுரோட இருக்கிற ஒரு பொம்பள படம்னா அதுக்கு முன்னால செபம் சொல்லக்கூடாது, வெள்ளை அடிச்சிரணும். நியாயம்தான. வரைஞ்சவன் நான், ஊரு முன்னால நான் சொல்லுறதுதான் முடிவு.

சாமியாரு வர்ற அன்னைக்குக் காலையில ரெஜினாள் வந்தா. வீட்டுக்கு வரல, பாறைகிட்ட நின்னு கூப்பிட்டு விட்டா. தலை ஈரம் காயல. கடல்ல இருந்து நேரா வந்திருக்கா. இவ்வளவு நாளைக்கு அப்புறம் பக்கத்துல நிக்கா.

அவதான் பேசுனா. "இங்க பாருங்க. எனக்கு மன்னிப்பும் வேண்டாம், படமும் வேண்டாம். இன்னைக்கு ஊரு முன்னால 'இது எம் பொண்டாட்டி ரெஜினாள், கடல்ல நிக்கா'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சாயந்திரமே நான் வீட்டுக்கு வந்துருதேன்."

"சுவருல வெள்ளை அடிச்சிருவாவளே"ன்னேன்.

"அடிக்கட்டும். நான் இருக்கேன்லா?" அப்படின்னா.

பாறையில அலை அடிச்சு எங்க ரெண்டு பேரு மேலயும் தெறிச்சுச்சு. அன்னைக்கு எனக்குத் தலை சுத்தல அண்ணாச்சி. இது சத்தியம். சரின்னு சொல்லிட்டேன். சந்தோசமா இருந்துச்சு, அழுகை வர்ற மாதிரி. ஓடிப் போயி வீட்டப் பெருக்குனேன், பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தேன்.

சாயந்திரம் ஊரே சுவரு முன்னால. கூட்டத்துக்குக் கடைசியில ரெஜினாள் நிக்கா. பெரிய சாமியாரு கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு சுவரப் பாக்காரு. தள்ளி நின்னு பாக்காரு, கிட்ட வந்து பாக்காரு. நான் வாயத் திறக்கப் போறேன். அந்த நேரம் பாத்து அந்த மனுசன் சொல்லுதாரு, "என்ன அலை! இப்படி ஒரு அலைய நான் எங்கயும் பாத்ததில்ல. இதை வரைஞ்ச கலைஞர் யாரு?"

கலைஞர். அப்படித்தான் சொன்னாரு, 'ர்' போட்டு. எங்க ஊர்ல என்னைய எல்லாரும் ஏலே கஸ்பாரும்பானுவ. என் வாழ்நாள்ல ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, என் அலையப் பாத்து இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. ரெஜினாள்கூட சொன்னதில்ல.

"நான்தான் சாமி"ன்னேன்.

"சொல்லுங்க. இது யாரு?"

நான் சுவரப் பாத்தேன். அந்த அலையப் பாத்தேன். வெள்ளை அடிச்சா அது போயிரும். வேற எங்க போயி நான் அப்படி ஒரு அலைய வரைவேன்? கூட்டத்தையும் பாத்தேன். ரெஜினாள் ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு என்னையவே பாக்கா.

"மாதா, சாமி"ன்னுட்டேன்.

நீங்க என்னைய அப்படிப் பாக்காதிய. பொய்யா சொன்னேன்? யோசிச்சுப் பாருங்க, மாதாவும் ஒரு வீட்டுப் பொம்பளதான. பொய்யின்னு அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கோயில் மணி அடிச்சாவ, பாட்டுப் பாடுனாவ. சவேரியாளக்கா என்னையக் கட்டிப் பிடிச்சு அழுதா. ஊரு மொத்தமும் முட்டிக்கால் போட்டுச்சு.

நின்னது நாங்க ரெண்டு பேருதான். இந்தக் கோடியில நான், அந்தக் கோடியில ரெஜினாள்.

அவ மெதுவா முன்னால வந்தா. ஆளுகளுக்கு நடுவுல வழி பண்ணிக்கிட்டு, சுவருகிட்ட வந்து, முக்காட்டப் போட்டுக்கிட்டு, மண்டியிட்டா. அண்ணாச்சி, அவளே! எம் படத்துக்கு முன்னால! வாளியத் தூக்கி மூஞ்சியில அடிச்சவ! ஒரு கலைஞனுக்கு இதவிட என்ன வேணும்? கைய சேத்து என்னமோ வேண்டுனா. ரொம்ப நேரம் இல்ல. எந்திரிச்சு முட்டியில ஒட்டுன மண்ணத் தட்டிவிட்டா. நான் கிட்ட போயி, "என்ன கேட்ட?"ன்னேன். ஆசையாத்தான் கேட்டேன்.

"ஒன்னும் கேக்கல. நன்றி சொன்னேன்"ன்னா. "இவ்வளவு நாளா ஒரு சந்தேகம் இருந்துச்சு, மாதா தீத்து வச்சுட்டா"ன்னா.

அப்படியே பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. என்ன சந்தேகம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. ஒங்களுக்கு ஏதாவது தோணுதா? வேண்டாம், விடுங்க.

இப்ப கெபி கட்டியாச்சு. சுத்தி கம்பிவேலி, மேல கூரை. என் அலைக்கு ஒரு சொட்டுத் தண்ணி படாது. ஊரு ஊரா பிரிஞ்சு போனவளுவ எல்லாம் வீடு சேந்துட்டாளுவ. ஒருத்தி மட்டும்தான் இன்னும் வரல. பங்குச்சாமி என்னையப் பிடிச்சு வையாரு. "ஏ கஸ்பாரு, ஊரு ஒலகமெல்லாம் வந்து கேட்டு வாங்கிட்டுப் போவுது, நீ வாசல்லயே இருக்க, ஒருநாளாவது கேட்டியாடா?"ங்காரு. நான் வாரம் ஒருக்கா இந்த பஸ்ஸுல ஏறுதேன். கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போறேன், திரும்பி வாறேன். போகும்போது ஒரு தடவ அந்த மஞ்சப் பலகையப் பாப்பேன், வரும்போது ஒரு தடவ. மணல்குடியில எறங்குனதில்ல. வீடு ராத்திரியில ஓன்னு கெடக்கு அண்ணாச்சி. மொட்டமாடிக்குப் போயிக் கட்டில்ல ஏறி நிக்கேன், ஃபேனப் போடுதேன். வெறும் காத்துதான் வருது.

சரி, முனை வந்துட்டு, எறங்குங்க. நேராப் போயி வலது பக்கம், கூட்டம் நிக்கும், தெரியும். கொஞ்சம் இருங்க அண்ணாச்சி. மண்டி போட்டு ஒங்க வீட்டம்மாவுக்காகக் கேப்பியள்லா, கேட்டு முடிச்சதும் ரெஜினாள்னு ஒரு பேரையும் சேத்துச் சொல்லிருங்க. வீட்டுக்கு வரச் சொல்லுங்க, அவ்வளவுதான்.

நானா? நான் எப்படிக் கேக்க முடியும்? நீங்க கேட்டா அது மாதாட்ட கேக்குறது. நான் கேட்டா எம் பொண்டாட்டிட்ட கேட்ட மாதிரில்லா ஆயிரும்?